என் நாடி நின்ற ஞாயிற்றுக்கிழமை

பக்கத்து வீட்டுக்காரர் மேல் பொறாமைப்படுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கதவைச் சாத்திக்கொண்டால் அவர் முகம் தெரியாது. நான் பொறாமைப்பட்டது என் மனைவி கலைச்செல்வி மேல். கதவைச் சாத்தினாலும் அவள் உள்ளேதான் இருந்தாள்.

நான் தீயணைப்பு வீரன். அதிகாரியாகும் ஆசையில், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அவசரகாலச் சேவைத் தலைமைப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். தீயோ வெள்ளமோ விபத்தோ, அங்கே நின்று ஆட்களை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுக்கும் படிப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்காக வார இறுதியில் மட்டும் வகுப்பு. ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் கலை, "ஒரே புத்தகத்த ரெண்டு பேரும் படிக்கலாமேங்க" என்று தானும் சேர்ந்தாள். நல்ல சிக்கனம் என்று நானே மெச்சினேன். (புத்தி அப்போது விடுப்பில் இருந்தது.)

முதல் தேர்விலேயே அவள் வகுப்பில் முதலிடம். நான் பாஸ். பேராசிரியர் எதைக் கேட்டாலும் "கலைச்செல்வி சொல்லட்டும்" என்பார். என்னைக் "கலைச்செல்வி ஹஸ்பெண்ட்" என்றுதான் கூப்பிடுவார். என்னைப் பெற்ற அம்மாவே போனில், புரியாததைக் கலையிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னாள். அவள் படிக்க உட்கார்ந்தால் எனக்கு மின்விசிறிச் சத்தம்கூட அவளுக்குச் சாதகமாக ஓடுவதுபோல் தோன்றும்.

கடைசி வருடம் செய்முறைப் பயிற்சி வந்தது. நீடாமங்கலம் அருகே அறுவடை முடிந்த வயலில் ஒரு பழைய மினி பஸ்ஸைக் கவிழ்த்துப் போட்டு, விபத்து நடந்ததாக வைத்துக்கொண்டு மீட்க வேண்டும். தலைமை தாங்கப்போவது யார் என்று பேராசிரியர் அறிவிப்பதற்குள் நான் சட்டையை இன் பண்ணிக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டேன். கலையின் பெயரைச் சொன்னார். எனக்குக் கொடுத்த வேடம், கால் முறிந்த பயணி.

நெல் தாள் முதுகில் குத்த, வயலில் படுத்துக் கிடந்தேன். அடிபட்டவர்களின் நிலைமையைப் பார்த்துக் கழுத்தில் வண்ண அட்டை மாட்ட வேண்டும். உடனே கவனிக்க வேண்டியவருக்குச் சிவப்பு, காத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள், நடக்கக் கூடியவருக்குப் பச்சை, இறந்தவருக்குக் கருப்பு. கலை நிதானமாகச் சொல்லச் சொல்ல, அத்தனை பேரும் அவள் பேச்சைக் கேட்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. படுத்தபடியே கயிற்று முடிச்சு தப்பு என்றேன். ஸ்ட்ரெச்சரை ரோட்டுப் பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். அவள் வாய்க்கால் பக்கம் என்று சொல்லியிருந்தாள். தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நடுவயலில் நின்றுவிட்டார்கள்.

கலை வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள். மணிக்கட்டைப் பிடித்தாள். யோசனை கேட்கப்போகிறாள் என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நாடி இல்ல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கருப்பு அட்டையை மாட்டினாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "செத்தவங்க பேசக்கூடாதுங்க" என்றாள்.

முகத்தோடு சேர்த்து வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டார்கள். இறந்தவர்களைக் கடைசியில்தான் எடுப்பார்கள் என்பதால் வெயிலில் தனியாகக் கிடந்தேன். துணிக்கு வெளியே பேராசிரியர் அவளைப் பாராட்டுவது கேட்டது. காற்றுக்காக ஒருதரம் துணியை விலக்கிவிட்டுக் கண்ணை மூடிக் கிடந்தேன். அந்த நேரம் பார்த்து ரோட்டில் பைக்கில் போன ஒருவர் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். அவர் கொரடாச்சேரியில் இருக்கும் என் சின்ன மாமனாரின் அடுத்த வீட்டுக்காரர் என்பதும், உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டார் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் வயலில் ஒரு ஒப்பாரி கேட்டது. கலையின் பயிற்சிக்கு மட்டும் பேராசிரியர் அழுவதற்கெல்லாம் ஆள் ஏற்பாடு செய்திருக்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம்தான் குரல் பிடிபட்டது. வேனில் மாலையோடு வந்திருந்த சின்ன மாமனார்.

"தங்கமான மாப்ள" என்று அழுதார். "ஒருத்தரை அதிர்ந்து பேசினது உண்டா?"

உடனே எழுந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் மூன்று வருடத்தில் யாரும் என்னைப் பாராட்டிப் பேசியதில்லை. இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். என் பொறுமை, என் உழைப்பு, என் உயரம் எல்லாவற்றையும் சொன்னார். அப்போது கூட வந்திருந்த சின்ன மாமியார் குறுக்கிட்டார்.

"எங்க கலையப் பாருங்க. இந்த நேரத்துலயும் கலங்காம நின்னு வேலை பாக்குது. அதோட அறிவு யாருக்கு வரும்?"

என் சாவிலுமா? சடாரென்று எழுந்து உட்கார்ந்தேன்.

சின்ன மாமியார் மயங்கி விழுந்தார். இது நிஜம். நான் பதறி ஓட, "இறந்தவர் வரக்கூடாது" என்று வகுப்புத் தோழர் ஒருவர் என்னைத் தடுத்தார். கலைதான் கூட்டத்தை விலக்கி, சித்தியின் காலை உயர்த்திப் பிடித்து, பேச்சுக்கொடுத்து, தெளியவைத்தாள். எதிர்பாராத நெருக்கடியையும் சமாளித்ததற்காகப் பேராசிரியர் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டார்.

வீடு திரும்பும்போது பைக்கை நான்தான் ஓட்டினேன். மன்னார்குடி தாண்டியதும் பின்னாலிருந்து, "நாடி பார்த்தப்ப உங்களுக்குக் குதிரை மாதிரி ஓடிச்சு. எம்மேல அவ்வளவு கோவமா?" என்று கேட்டாள். பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெயில் என்றேன்.

இருவருக்கும் பட்டம் கிடைத்தது. சின்ன மாமனார் இன்றும் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் முதலில் என் மணிக்கட்டைத்தான் பிடிக்கிறார். நாடி பார்த்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி "இருக்காரு" என்று அறிவிக்கிறார். அடுத்த நிமிடமே என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கலை வரலியா?" என்று கேட்கிறார்.