கோலாலம்பூரைப் பார்த்த ஏரியல்

வேலை தெரியாதவனால் வீட்டுக்கு ஆபத்தில்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஏணி எங்கே என்று கேட்பான். எங்கள் குடும்பத்தில் ஏணி கேட்டவன் நான். இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறதென்றால், அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தோல் தடித்துவிட்டது என்று அர்த்தம்.

நாட்டில் வட்டத் தட்டு வைத்த டிவி வந்திருந்த புதிது. அந்தத் தட்டைப் பணக்காரர் வீட்டுச் சுவரில் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவதோடு சரி, எங்களுக்கெல்லாம் மீன்முள் மாதிரி இருக்கும் அலுமினிய ஏரியல்தான். நான் அப்போது புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். ரிமோட் கன்ட்ரோல் செய்யும் இடம். அதில் என் பங்கு, பட்டன்களுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தகட்டை நேராக வைப்பது. (அதையும் முதல் வாரம் தலைகீழாக வைத்தேன்.) ஆனால் டுரியான் துங்கால் பக்கம் நாங்கள் குடியிருந்த தாமான் குடியிருப்பில், "எங்க பையன் டிவி கம்பெனில வேல செய்றான்" என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். நான் மறுக்கவில்லை. அக்கம்பக்கத்து இஸ்திரிப்பெட்டிகளும் மின்விசிறிகளும் என்னிடம் வைத்தியத்துக்கு வரத் தொடங்கின. அவற்றில் சில பிழைத்தும் விட்டன. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா எஸ்டேட்டில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். தாமானுக்குக் குடிவந்த பிறகும் வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பழைய எஸ்டேட் கோயிலுக்கே போவார். லோரி இரைச்சலுக்கு மேலே பாடிப் பழகிய குரல், ஒலிபெருக்கி தேவையே இல்லை. அந்த வருடம் அவர்கள் பஜனைக் குழுவை டிவியில் தீபாவளி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். எல்லாரும் பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போய்ப் பாடிப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். குழுவாகப் பாடும் பாட்டின் நடுவே அப்பாவுக்கு மட்டும் தனியாக இரண்டு வரி கொடுத்திருந்தார்கள்.

அந்த இரண்டு வரியை அப்பா கொண்டாடிய கொண்டாட்டம் இருக்கிறதே! தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் "தீபாவளி அன்னிக்கு மத்தியானம் மூணு மணி. மறந்துறாதீங்கலா" என்று சொன்னார். மீன் கொண்டுவரும் சீனரிடமும் சொன்னார். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக் சிக் ரம்லியிடம் மலாயில் ஒருமுறை, பாடிக் காட்டி ஒருமுறை. எங்கள் வீட்டில் வீடியோ ரிக்கார்டர் கிடையாது. திரும்ப ஒளிபரப்புவார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. அன்று பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் டிவியில் ஒரே ஒரு குறை. படத்தில் நிழல் விழும். செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொருவர் உட்கார்ந்து வாசிப்பார். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"இருந்துட்டுப் போகட்டும்டா. நான் ரெண்டு பேரா தெரிவேன். ஒங்கம்மாவுக்குத்தான் கஷ்டம்."

எனக்குத்தான் பொறுக்கவில்லை. டிவி கம்பெனிக்காரன் வீட்டில் நிழலா? தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் கூரையேறினேன். ஏறி நின்று பார்த்தால், தாமானில் இருந்த அத்தனை ஏரியலும் ஒரே திசையில் லேடாங் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒளிபரப்புக் கோபுரம் அந்த மலைமேல்தான் இருந்தது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனால் என் மூளை சும்மா இருக்குமா? அப்பா பாடியது கோலாலம்பூரில். நிகழ்ச்சி கிளம்புவதும் கோலாலம்பூரிலிருந்து. அது மலைக்குப் போய், மலையிலிருந்து நமக்கு வருகிறது என்றால், நாம் இத்தனை நாளாய்க் கைமாறி வந்த சரக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிழல் விழாமல் என்ன செய்யும்? நேராக மொத்த வியாபாரியிடமே வாங்கிவிட வேண்டியதுதானே!

ஏரியலைக் கோலாலம்பூர் பக்கம் திருப்பினேன். தூரம் அதிகம் என்பதால் கம்பத்தோடு இன்னொரு இரும்புக் குழாயைச் சேர்த்துக் கட்டி உயர்த்தினேன். அப்புறம் அந்த வட்டத் தட்டு ஞாபகம் வந்தது. வட்டமாக ஒன்று இருந்தால்தானே சிக்னல் நிற்கும்? கோயில் அன்னதானத்துக்குச் சோறு வடிக்கும் பெரிய அண்டாவின் அலுமினிய மூடி என் கண்ணுக்குள் வந்து நின்றது. கோயில் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"நம்ம கோயிலு டிவில வருது. மூடி என்னடா தம்பி, அண்டாவையே தூக்கிட்டுப் போ" என்றார் அவர். (இந்த நாட்டில் யாராவது ஒருவராவது என்னைத் தடுத்திருக்கலாம்.)

மூடியை ஏரியலுக்குப் பின்னால் கம்பி போட்டுக் கட்டினேன். கீழே நின்ற அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"எல்லார் வீட்டு ஏரியலும் மலையப் பாக்குது. நம்ம வீடு மட்டும் ஏன்டா ஊரோட கோவிச்சுக்கிட்ட மாதிரி அந்தப் பக்கம் பாக்குது?"

"அவங்களுக்குத் தெரியலம்மா."

இறங்கி வந்து டிவியைப் போட்டேன். நிழல் போயிருந்தது. படமும் பாதி போயிருந்தது. திரை முழுக்கப் புள்ளி பொரிந்தது. "நிழல் போச்சு பாத்தீங்களா?" என்று நிழலைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

தீபாவளி அன்று வீடு நிறைந்துவிட்டது. செர்காமிலிருந்து அத்தை குடும்பத்தோடு வந்து இறங்கினார். பஜனைக் குழுவில் பாதிப்பேர், பாக் சிக் ரம்லியும் அவர் மனைவியும், மீன்கார சீனர், எல்லாரும் கையில் முறுக்குத் தட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எடுத்துக் கொடுத்த புதுச் சட்டையை அப்பா போட்டுக்கொள்ளவில்லை. பதிவுக்குப் போட்டுப் போன நீலச் சட்டையையே துவைத்து இஸ்திரி போட்டு அணிந்திருந்தார்.

"அப்பத்தான் டிவில இருக்கிறதும் நான்தான்னு தெரியும்" என்றார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் காற்று கிளம்பியது. அந்த மாதத்தில் மத்தியானமானால் மழைக்காற்று அடிப்பது வழக்கம்தான். ஆனால் மற்ற வீட்டு ஏரியல்களுக்கு மூடி இல்லை. என்னுடையது பாய்மரமாகிவிட்டது. கம்பம் கிறீச்சென்று திரும்பியது. படம் அடியோடு போனது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புது ஜிப்பாவோடு ஏணியில் ஏறினேன். பின்பக்கச் சமையல்கட்டின் தகரக் கூரை அது. கட்டில் கால் மாதிரி ஆடும் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டிய நிலைமை பலமுறை வந்தது.

கூடத்தில் நடப்பதைச் சொல்ல ஒரு ஏற்பாடு செய்தோம். டிவிக்கு எதிரே இருக்கும் அம்மா அத்தையிடம் சொல்வார். அத்தை சமையல்கட்டில் நிற்கும் என் தங்கை செல்வியிடம் சொல்வார். செல்வி பின்வாசலில் வந்து எனக்குக் கத்துவாள். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். சேதி வந்து சேர்வதற்குள் நான் அடுத்த திசைக்குப் போயிருப்பேன்.

"அண்ணே, வந்துருச்சாம்! அப்படியே வை!"

"எது, இதா, முந்தினதா?"

"இரு, கேட்டுட்டு வரேன்!"

கேட்டுவிட்டு வருவதற்குள் காற்று ஒரு தள்ளு தள்ளியது. ஏரியல் அரைவட்டம் அடித்துக் கடல் பக்கம் திரும்பி நின்றது. உள்ளே ஒரே ஆரவாரம். செல்வி ஓடிவந்தாள்.

"படம் கண்ணாடி மாதிரி தெளிவா வருதுண்ணே!"

"அப்பா வந்துட்டாரா?"

"இல்ல. வாத்து வருது."

கடலுக்கு அந்தப்பக்கம் சுமத்ரா. இந்தோனேசிய டிவி ஒன்றில் ஒரு பெண்மணி வாத்து வளர்ப்பது பற்றி விளக்கிக்கொண்டிருந்தாராம். ஒரு இறகு விடாமல் தெரிந்ததாம். நிழல் என்ற பேச்சே இல்லை. விருந்தினர்கள் முறுக்கைக் கடித்தபடி வாத்தைப் பார்த்தார்கள். "இவ்ளோ நல்லா தெரியுதே, இதையே வச்சிருந்தா என்ன?" என்று அத்தை கேட்டது கூரைவரை கேட்டது.

நான் மறுபடி கோலாலம்பூரைத் தேடினேன். மலைப்பக்கம் திருப்பியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, நேற்று செய்தது மடத்தனம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அங்கேயே தடவிக்கொண்டிருந்தேன்.

அப்போது அப்பா பின்வாசலுக்கு வந்தார். நீலச் சட்டைக்குப் பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, வந்துரும்ல?"

திட்டியிருந்தால் தேவலை. அவர் என்னை நம்பிக் கேட்டார்.

"வந்துரும்பா. ஒரு நிமிஷம்."

பாக் சிக் ரம்லி தலையை நீட்டினார். அவர் வீட்டு ஏரியல் எந்த ஆராய்ச்சிக்கும் ஆளாகாமல் மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. "ஜோம்லா, எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க, அங்க பளிச்சுனு வருது" என்று மலாயில் கூப்பிட்டார். அவ்வளவுதான், கூடம் காலியானது. தட்டும் டம்ளருமாக ஊர்வலம் வேலியைத் தாண்டிப் போனது. அப்பா மட்டும் நின்றார்.

"வாடா, எறங்கி வா. ஆரம்பிச்சிருவாங்க."

"நீங்க போங்கப்பா. நம்ம வீட்டுலயே வர வச்சிர்றேன். வந்ததும் கூப்பிடுறேன்."

ஒரு நொடி தயங்கிவிட்டு அவரும் போனார்.

நான் திருப்பினேன். "இப்ப?" என்று கத்தினேன். இன்னும் கொஞ்சம் திருப்பி "இப்ப எப்படி?" என்றேன். செல்வி எப்போதோ பாக் சிக் வீட்டுக்கு ஓடிவிட்டிருந்தாள். ஆளில்லாத வீட்டிடம் நான் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. பாக் சிக் வீட்டுச் சன்னலிலிருந்து வந்தது. எதிர்வரிசை வீடுகளிலிருந்தும் வந்தது. எங்கள் தாமானில் எல்லாரும் அந்த நிகழ்ச்சியைத்தான் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு அப்பா பாடினார். லோரி ஓட்டிய குரல் எல்லாச் சன்னலிலிருந்தும் கிளம்பிக் கூரைமேல் நின்ற என்னைச் சுற்றிக்கொண்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு அழகாகப் பாடுவாரா என்று இருந்தது. இறங்கி ஓட வேண்டும் என்று காலுக்குத் தோன்றுவதற்குள் இரண்டு வரி முடிந்துவிட்டது. பாக் சிக் வீட்டில் கைதட்டல் பொரிந்தது. நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இறங்கி உள்ளே போனேன். டிவி வெறும் புள்ளியாக இரைந்துகொண்டிருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால், ஏரியல் ஒயர் டிவியிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. எல்லாரும் கும்பலாக எழுந்து போனபோது யார் காலோ இழுத்துவிட்டிருக்கிறது. கடைசியில் நான் அத்தனை பாடுபட்டுத் திருப்பியது எதோடும் சேராத ஒரு ஏரியலை. அதற்கு மூடி வேறு.

அப்பா வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"எங்கடா இருந்த? பாத்தியா?"

"கேட்டேன்பா. கொரலு ரொம்ப நல்லா இருந்துச்சு."

"சட்ட தெரிஞ்சுச்சா?"

நான் விழித்தேன். முதலில் சிரித்தவர் அத்தை. அப்புறம் அம்மா, செல்வி, மீன்கார சீனர் என்று வீடே சிரித்தது. விஷயத்தைக் கேட்டுப் புரிந்துகொண்ட பாக் சிக், தாமதமாக, ஆனால் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "நீ மட்டுமாடா பாக்கல?" என்று கேட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் மூடியைக் கோயிலில் கொடுத்துவிட்டு, ஏரியலை மலைப்பக்கம் திருப்பிவைத்தேன். பழைய நிழல் திரும்பி வந்தது.

அந்த நிகழ்ச்சியை அப்புறம் யாரும் எந்த டிவியிலும் பார்க்கவில்லை. எனவே அப்பா திரையில் எப்படி இருந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சுவழக்கு நிலைத்துவிட்டது. எதையாவது சரிசெய்கிறேன் என்று குடைந்துகொண்டிருந்து, பார்க்க வேண்டியதைக் கோட்டைவிடுபவனைப் பற்றி, "அவன் கூரமேல இருக்கான்" என்பார்கள். பெரும்பாலும் அந்த அவன் நான்தான்.

போன வருடம் என் மகளின் பட்டமளிப்பு விழா. அவள் மேடையேறுவதைப் படம் பிடிக்கப் புதுக் கேமராவும் முக்காலியும் கொண்டுபோயிருந்தேன். வெளிச்சம் போதவில்லை என்று திருகினேன், கோணம் சரியில்லை என்று நகர்த்தினேன். குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் பெயரை வாசித்தார்கள். நிமிர்ந்தபோது மேடையில் வேறு யாரோ ஒரு பையன் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தான்.

விழா முடிந்து அங்கியோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"அப்பா! மறுபடியும் கூரமேலயா?"

நான் முக்காலியை மடக்குவதில் மும்முரமானேன். பக்கத்து நாற்காலியில் கைத்தடியை ஊன்றி உட்கார்ந்திருந்த அப்பா அவளைக் கிட்டே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடும்மா. பேரு வாசிச்சது அவனுக்குக் கேட்டிருக்கும்."