பூஜையில் வைத்த நான்கு கம்ப்யூட்டர்கள்

வீட்டில் சொல்லாமல் கிளம்பிய காரியம் உருப்படாது என்பது என் அம்மாவின் கட்சி. இதை மூடநம்பிக்கை என்று நான் பல வருஷம் அவளோடு வாதாடியிருக்கிறேன். இப்போதெல்லாம் வாதாடுவதில்லை.

அது இரண்டாயிரத்து ஒன்பது. அமெரிக்காவில் யார் யாரோ வாங்கிய வீட்டுக் கடன் முழுகியதில், கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்த எனக்கு வேலை போயிருந்தது. (எனக்கும் அந்தக் கடனுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டார். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.) அடுத்த வேலைக்கு வர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரே கம்ப்யூட்டரைப் பலவாகப் பிரித்து ஓட்டுகிற வித்தை, தெரிந்தால் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி, நானே பூட்டிய ஒரு கறுப்புப் பெட்டியை ஹால் மூலையில் வைத்தேன். அதில் ஒரு மென்பொருளைப் போட்டு, அந்த ஒரே பெட்டியை நான்கு கம்ப்யூட்டர்களாகப் பிரித்தேன். நான்கும் தனித்தனி. ஒன்று படுத்தாலும் மற்ற மூன்றும் ஓடும். வெளியே எங்கிருந்தாலும் இன்டர்நெட் வழியாக அவற்றை எழுப்பலாம், தூங்க வைக்கலாம், அதட்டி வேலை வாங்கலாம். மின்சார ரயில் பாதையில் இருக்கிற வரிசைப்படி தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று பெயரும் வைத்தேன்.

அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அதாவது ஒரே வீட்டுல நாலு போர்ஷன்?"

"ஆமாம்மா."

"மெயின் சுவிட்ச் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

சரி என்று தலையாட்டிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அந்த மெயின் சுவிட்ச் கேள்வியைக் கேட்டவுடனே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அந்தக் காலத்துத் தாம்பரத்தில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தால், அதன் பாட்டரி தீர்வதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக அணைத்துவிட வேண்டும். நான் வீட்டில் இல்லாத நேரத்துக்காக அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தேன். பட்டனை ஒரே ஒரு தடவை மெதுவாக அமுக்க வேண்டும். பல்லாவரத்தில் தொடங்கி நான்கும் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்ளும். கடைசியில் பெட்டி தானாக அணையும். அம்மா இதில் சீக்கிரமே தேர்ந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் அணைக்கிற அழகு எனக்கு வராது. எனக்கு அவசரம் அதிகம்.

இதற்கிடையே இன்டர்வியூக்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து அனுப்புவாள். திரும்பி வரும்போது கேட்டருகில் நிற்பாள். எதுவும் கேட்க மாட்டாள், என் முகத்தை மட்டும் பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தபோது, நண்பன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்கு ஆயுத பூஜை. ஊருக்கெல்லாம் லீவு. ஆனால் இந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்கு ஏது சரஸ்வதி?

கம்பெனி கேட்டில் முந்தின நாள் உடைத்த பூசணிக்காய் அப்படியே கிடந்தது. அதை மிதிக்காமல் தாண்டியதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

"இன்னா சார், லீவு நாள்ல வந்துகினு கீற?" என்றார் வாட்ச்மேன்.

"இன்டர்வியூண்ணா."

"போ போ, நல்லா பண்ணு."

அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆசீர்வாதம் அதுதான்.

உள்ளே ஒரே ஒருவர் இருந்தார். கண்ணாடி, மெல்லிய குரல், சிரிப்பே இல்லாத முகம். என் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"வீட்ல சர்வர் வெச்சு, ரிமோட்டா நாலு மெஷின் மேனேஜ் பண்றேன்னு போட்டிருக்கீங்க. இங்கேருந்து காட்ட முடியுமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் மாதக் கணக்கில் காத்திருந்தேன். அவருடைய கம்ப்யூட்டரில் என் வீட்டுப் பெட்டியின் இன்டர்நெட் முகவரியைத் தட்டினேன். நான்கு பெயர்கள், நான்கு பச்சை விளக்குகள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். (வாழ்க்கையில் நான் சாய்ந்து உட்கார்ந்த போதெல்லாம் ஏதாவது ஒன்று கவிழ்ந்திருக்கிறது.)

பல்லாவரம் சிவப்பானது.

"என்ன ஆச்சு?"

"அது டெஸ்டிங் மெஷின் சார். அப்பப்போ படுத்துக்கும்."

குரோம்பேட்டை சிவப்பானது.

"இதுவும் டெஸ்டிங்கா?"

நான் பதில் சொல்வதற்குள் சானடோரியம் போயிற்று. பிறகு தாம்பரம். கடைசியில் அந்தப் பக்கமே வெள்ளையாகி, இணைப்பு இல்லை என்று சொல்லிவிட்டது.

"பவர் கட் போல சார்."

"பவர் கட்னா நாலும் ஒண்ணா போயிருக்கும்." அவர் முன்னால் சாய்ந்து திரையைப் பார்த்தார். "இது வரிசையா, நிதானமா ஷட்டவுன் ஆச்சு. யாரோ தெரிஞ்சவங்க பண்ணியிருக்காங்க. வீட்டுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

வீட்டு எண்ணை அழுத்தினேன். அப்பா எடுத்தார். "இருடா, அம்மா கற்பூரம் காட்டிட்டிருக்கா" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டுப் போனார். மணி அடிக்கும் சத்தம் அந்த ஏ.சி. அறை முழுவதும் கேட்டது. கண்ணாடிக்காரர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக அம்மா வந்தாள்.

"அம்மா, பெட்டியை அணைச்சியா?"

"ஆமாடா, பூஜையில வெச்சிருக்கேன். உள்ள நாலு இருக்குன்னியே, நாலு குங்குமப் பொட்டு வெச்சேன். பொரி கடலையும் நாலு பங்கு."

"உடனே ஆன் பண்ணும்மா!"

"என்னடா பேசற? பூஜையில வெச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். இன்னிக்குத் தொடக்கூடாது."

"அவசரம்மா!"

"ஃப்ரெண்ட் வீட்டுல உனக்கென்ன அவசரம்? இது நல்லா ஓடி உனக்கு ஒரு வேலை கிடைக்கணும்னுதான் வேண்டிட்டிருந்தேன். இப்ப வந்து எடு, ஆன் பண்ணுன்னுட்டு. சாயங்காலம் சீக்கிரம் வந்து சேரு, சுண்டல் வெச்சிருக்கேன்."

வைத்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் முன்னால் அசடு வழிந்ததற்காக இல்லை, அம்மா எனக்கு வேலை வேண்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் நான் பொய் சொல்லிவிட்டு இங்கே உட்கார்ந்திருந்ததற்காக. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவருடைய மானிட்டரைப் பார்த்தேன். அதன் மூலையிலும் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

"நாங்க நேத்து சாயங்காலமே பூஜையை முடிச்சுட்டோம்" என்றார். பிறகு, "பெட்டி அணைஞ்சுட்டா இங்கேருந்து திரும்ப ஆன் பண்ண ஏதாவது வழி வெச்சிருக்கீங்களா?"

"இல்லை சார்."

"அப்போ உங்க சர்வருக்கு அட்மின் நீங்க இல்ல. உங்க அம்மாதான்."

கிண்டலாகச் சொல்லவில்லை. வைத்தியர் நோயைச் சொல்வதுபோல் சொன்னார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். ஹாலில் மணைமேல் என் கறுப்புப் பெட்டி, நாலு பொட்டோடு, சாமந்திச் சரம் சுற்றி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. எங்கே போயிருந்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. மணைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சரஸ்வதியை ஒரு மணி நேரம் காக்க வெச்சிருப்பேனேடா. அவளுக்குப் புரியாதா?"

பிறகு பூச்சரத்தை ஒதுக்கிவிட்டுப் பட்டனை நோக்கிக் கையை நீட்டினாள். "இப்ப போட்டா அவங்க பார்ப்பாங்களா?"

பூஜையில் வைத்த புத்தகத்தைத் திறந்ததற்காகச் சின்ன வயதில் என் காதைத் திருகியவள் அவள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம்மா. நாளைக்கே எடுத்துக்கலாம்."

சில மாதம் கழித்து வேறிடத்தில் வேலை கிடைத்தது. (அந்தத் தடவை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போனேன்.) அப்பா இன்றைக்கும் உறவினர்களிடம், "பையன் அசிஸ்டென்ட்தான். அட்மின் இவதான்" என்று அம்மாவைக் காட்டுகிறார். அம்மாவும் மறுப்பதில்லை.

அந்தப் பெட்டி செத்துப் பல வருஷம் ஆகிறது. பழைய இரும்புக்காரனுக்குப் போட அம்மா விடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் துடைத்து, மணையில் ஏற்றி, நாலு பொட்டு வைக்கிறாள். வைப்பதற்கு முன்னால் எனக்குப் போன் வரும்.

"இன்னிக்கு எங்கேயாவது போறியாடா? உண்மையைச் சொல்லு. அப்புறம்தான் கற்பூரம் ஏத்துவேன்."