கம்பெனி பேரில்லாத அண்டா

"அண்ணா, ஃபிரிட்ஜ் மேல கம்பெனி பேரு தெரியுது. படத்துல வந்தா கேஸு போடுவாங்க" என்றான் உதவி இயக்குநர் யஸ்வந்த்.

கோவர்த்தனன் ஓடிப்போய் மனைவியின் புடவையை ஃபிரிட்ஜ் மேல் போர்த்தினார். நகரியில் அவர் வீட்டுச் சமையலறையில்தான் அந்தத் தெலுங்குப் படத்தின் சாப்பாட்டுக் காட்சி.

"மிக்ஸி?"

துண்டைப் போட்டு மூடினார்.

"எண்ணெய் டின்?"

சுவர்ப் பக்கம் திருப்பினார். பின்னாலும் அதே பேர்.

டைரக்டர் எட்டிப் பார்த்தார். "இது கிச்சனா, சாவு வீடா? எல்லாத்தையும் தூக்குங்க!"

தூக்கியதும் சமையலறை காலியாகிவிட்டது.

"கம்பெனி பேரு இல்லாத பழைய பாத்திரம் ஏதாவது இருக்கா அக்கா?"

"பரண் மேல ஒண்ணு கீதே" என்றாள் அவர் மனைவி சுலோசனா.

"ஏய், சும்மா இருடி!"

அதற்குள் லைட்காரர்கள் சாக்கை உருவி, பித்தளை அண்டாவை இறக்கிவிட்டார்கள்.

கோவர்த்தனன் சாக்கைத் தேடினார். புத்தூரில் இருக்கும் தங்கச்சி பிரமிளாவின் சீர் அண்டா அது. மகள் பவ்யாவின் சடங்குக்கு இரவல் வாங்கியது. 'அப்பவே குடுத்துட்டேன்' என்று திருப்பதி அலிபிரியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வேறு செய்திருந்தார். அன்றோடு பிரமிளா பேச்சை நிறுத்திவிட்டாள். இப்போது படத்தில் வந்தால் புத்தூரே பார்க்கும்.

"சூப்பர் அண்ணா! இதுல என்ன எழுதியிருக்கு? எனக்குத் தமிழ் படிக்க ராது" என்றான் யஸ்வந்த், பாதித் தெலுங்கில்.

புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: பிரமிளா.

"அது... கம்பெனி பேரு தம்பி. பிரமிளா கம்பெனி."

"பெரிய கம்பெனியா?"

"ரொம்பப் பெரிசு. ஒரு தபா வாயத் தெறந்தா ஊரே கூடிடும். மானம் போயிடும்பா. மேலயே வெச்சிடு."

"ஐயையோ!" யஸ்வந்த் வெளியே ஓடினான். வெங்காயம் எடுக்க சுலோசனாவும் பின்னாலேயே போய் வந்தாள்.

கோவர்த்தனனால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தினி நாளிக்கி இப்டி ஒளிச்சிகினு இருப்பீங்க?"

"இன்னிக்கித் தப்பிச்சாப் போதும். நாளிக்கே நானே போயி குடுத்துடறேன்."

"போன பொங்கலுக்கும் இத்தான் சொன்னீங்க."

வாயெல்லாம் பல்லாக யஸ்வந்த் திரும்பி வந்தான்.

"டென்ஷன் வேணாம் அண்ணா! டைரக்டருக்கு அந்த அண்டாதான் வேணுமாம். அக்காகிட்ட கம்பெனி நம்பர் வாங்கிப் பேசிட்டேன். பர்மிஷன் குடுக்க ஓனரம்மாவே புத்தூர்லேர்ந்து ஆட்டோல வர்றாங்க!"