செரன் ஏன் உதைத்தது?

செரன் மறுபடியும் உதைத்தது. கறவை இயந்திரத்தின் குழாய் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

இட்வால் சட்டென்று பின்னுக்கு நகர்ந்தான். வேல்ஸ் மலைச்சரிவில் அவனுக்கு இருபது கறவை மாடுகள். அவற்றில் செரன்தான் பரம சாது. அதுதான் இப்போது நடுங்குகிறது, உதைக்கிறது, கொட்டகைக்குள் வர மாட்டேனென்று அடம்பிடிக்கிறது. பைத்திய மாட்டு நோயின் அறிகுறிகள் ஒன்று பாக்கியில்லை. அந்த நோய்ச் செய்திகளைக் கேட்பதற்கென்றே போன வாரம் கொட்டகையில் மாடுகள் நிற்கும் வரிசையின் இரும்புக் கம்பியில் ஒரு பழைய மின்சார ரேடியோவை மாட்டியிருந்தான். கேட்கக் கேட்கப் பயம்தான் வளர்ந்தது.

நோய் என்று தெரிந்தால் செரனைக் கொன்று எரித்துவிடுவார்கள். அது ஈன்ற கன்றுகளையும் விடமாட்டார்கள்.

"டாக்டருக்குச் சொல்லிடுய்யா. மறைச்சா கேஸ் போடுவாங்க" என்றாள் மனைவி நெஸ்தா, வாசலில் நின்றபடி.

"சொன்னா செரன் போச்சு! நீ உள்ள வராதே. உனக்கும் தொத்திக்கிச்சுன்னா?"

"பக்கத்துல நின்னா தொத்தாதுன்னு உன் ரேடியோவே சொல்லுதே."

"அது ஆயிரம் சொல்லும்!"

எதற்கும் இருக்கட்டும் என்று கிருமிநாசினியை வாளி வாளியாக ஊற்றித் தரையைக் கழுவினான். மறுநாள் செரனோடு இன்னும் மூன்று மாடுகள் குதித்தன.

"ஐயோ, பரவிடுச்சே!"

செரன் துள்ளுவது வெளியே தெரியக்கூடாதென்று அதை இரும்புச் சங்கிலியால் கம்பியோடு கட்டினான். அது போட்ட கதறலில் பக்கத்துப் பண்ணைக்காரர் பயந்துபோய்த் தானே டாக்டருக்குப் போன் செய்துவிட்டார்.

அரசு மாட்டு டாக்டர் பிராசர் அம்மாள் வந்தார். இட்வாலைப் போலவே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். கம்பியில் சாய்ந்துகொண்டு மாடுகளைக் கவனித்தார்.

"சின்ன வயசுலேர்ந்தே அது கொஞ்சம் துள்ளும் டாக்டர்" என்றான் இட்வால்.

"நாலுமா?"

"சொந்தக்காரங்க டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. "கன்னுங்களைத் தனியா கட்டுங்க. நான் மேலிடத்துக்குச் சொல்லியாகணும்."

இட்வால் உடைந்துபோனான். செரனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பவன்கூட அப்படி அழமாட்டான்.

வெளியே நின்ற நெஸ்தாவுக்குத் தாங்கவில்லை. தடையாவது மண்ணாவது என்று, வீட்டில் போட்டிருந்த கம்பளிச் செருப்போடு, கையில் தேநீர்க் கோப்பையோடு ஈரத்தரையில் ஓடிவந்தாள். வழுக்கியது. விழாமலிருக்கக் கம்பியைப் பிடித்தாள்.

அடுத்த கணம் கோப்பை கூரையைத் தொட்டது. நெஸ்தா வீறிட்டுக்கொண்டு, செரன் துள்ளுவதைப் போலவே துள்ளி வைக்கோலில் போய் விழுந்தாள்.

"போச்சு! நெஸ்தாவுக்கும் வந்துடுச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டான் இட்வால். டாக்டரும் ஓரடி பின்வாங்கினார்.

நெஸ்தா எழுந்து, தலையில் ஒட்டிய வைக்கோலைப் பிடுங்கி எறிந்தாள்.

"யோவ், அந்த ரப்பர் பூட்ஸைக் கழட்டிட்டு, நீ ரேடியோ மாட்டின கம்பியை ஒரு தடவை தொட்டுப் பாருய்யா, உனக்கும் இதே பைத்தியம் பிடிக்கும்!"