மூணாம்படி பறந்த கதை

"உங்களைக் காணோம்," என்றாள் மனைவி, போனைத் தட்டிக்கொண்டே. "வீடியோ பூரா என் விரல்தான் இருக்கு."

"காட்டு."

"அழிச்சிட்டேனே."

கேட்டவர் பாராசூட்டில் தொங்கிவிட்டு அப்போதுதான் கரையில் இறங்கிய ஸ்டோர்கீப்பர். குடோனில் ஏணியின் மூன்றாம் படிக்கு மேல் ஏறாத மனிதர் அவர். அதனால் ஆபீசில் அவருக்கு 'மூணாம்படி' என்றே பெயர். அந்தப் பெயரை ஒழிக்கத்தான், படகு இழுக்கக் கடலுக்கு மேலே பறக்கும் வீடியோவைத் திங்கட்கிழமை காட்டுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சவால் விட்டிருந்தார். வீடியோ இல்லையென்றால் ரிட்டயர் ஆகும்வரை மூணாம்படிதான்.

"இன்னொரு தடவை போயிட்டு வந்துடுங்களேன்."

பெல்ட் மாட்டிவிடுபவர் மறுபடி இடுப்பை இறுக்கினார். மூணாம்படி மனைவியின் பக்கம் திரும்பினார்.

"துணி மடிக்கிறேன்னு முன்னாடி சத்தியம் பண்ணினேன்ல? அதோட சமையலறைக் குழாயையும் மாத்திடறேன். உயிரோட திரும்பினாப் போதும்."

"முதல்ல போயிட்டு வாங்க," என்றாள் மனைவி, போனைத் தூக்கிப் பிடித்தபடி.

படகு உறுமியது. இரண்டு எட்டு ஓடினார். மூன்றாவது எட்டுக்கு மணல் இல்லை. கால்கள் மட்டும் விவரம் புரியாமல் காற்றில் ஓடிக்கொண்டே இருந்தன. வயிறு கரையிலேயே நின்றுவிட்டது. பெல்ட் தொடையைக் கவ்வியது. உயரே போனதும் திடீரென்று ஒரு சத்தமும் இல்லை, கடல் அது பாட்டுக்குக் கீழே கிடந்தது. ஒரு கணம் நன்றாகக்கூட இருந்தது. பிறகு தன் பாதங்களையும் அவற்றுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததையும் பார்த்துத் தொலைத்தார். அதற்கப்புறம் கண்ணைத் திறக்கவில்லை.

இறங்கியதும் தள்ளாடிக்கொண்டே ஓடி வந்தார். "வீடியோ விழுந்துச்சா?"

"கேமரா என் பக்கம் திரும்பியிருந்துச்சுங்க. என் மூஞ்சி கண்றாவியா இருந்தது, அழிச்சிட்டேன்."

மூன்றாம் தடவை பெல்ட் மாட்டும்போது, மாமியார் இரண்டு மாதம் வந்து தங்கலாம் என்று ஒத்துக்கொண்டார். மேலே போய்ச் செத்துப் பிழைத்து வந்தால், மனைவி பட்டனை அமுக்கவே மறந்திருந்தாள்.

நான்காம் தடவை உஷாரானார். "நீ எடுத்துக் கிழிச்சது போதும்," என்று போனைப் பிடுங்கிப் பெல்ட் மாட்டுபவரிடம் நீட்டினார். "நீங்களே எடுங்க."

"அவருக்கு எதுக்குங்க சிரமம்," என்று மனைவி அவசரமாகக் கை நீட்டினாள்.

மூணாம்படி காதில் வாங்கவில்லை. கயிறு விறைக்கத் தொடங்கியிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இந்த லீவுக்கு உங்கக்கா வீட்டுக்கே போறோம். பத்து நாள் தங்கறோம். சத்தியம்," என்றார்.

பெல்ட் மாட்டுபவர் போனைத் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மூணாம்படியின் காதருகே குனிந்தார்.

"சார், நீங்க பறந்த மூணு வீடியோவும் பளிச்சுனு இருக்கு, ஆனா பெல்ட் மாட்டும்போது நீங்க பண்ணின சத்தியமெல்லாம் அதைவிடப் பளிச்சுனு இருக்கு."