பத்தொன்பது கிலோமீட்டரும் ஒரு பலூனும்

அன்புள்ள இளைய மகளுக்கு,

ஒரு ரப்பர் பலூனுக்காக நீ பெற்றவர்களைக் கைவிட்டுவிட்டாய். அம்மா நலம். நானும் நலம்தான், கேட்க ஆள் இல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

வானிலை நிலையத்தில் உனக்கு வேலை கிடைத்தபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். காற்றின் சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் கருவியைக் கட்டித் தினமும் மாலையில் பலூன் விடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்களிடம் சண்டைகூடப் போட்டேன். அந்தப் பலூனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது என்று அப்போது தெரியாது. நான்கு மாதமாக நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் செய்தால், "அப்பா, பலூன் விடுற நேரம், வெச்சிடறேன்" என்கிறாய். "ஏன், பத்து நிமிஷம் நின்னா அது கோவிச்சுக்குமா?" என்றேன். "உலகம் பூரா ஒரே நேரத்துல விடறாங்கப்பா. நான் மட்டும் தாமதமா விட முடியுமா?" என்றாய். அந்த நேரத்தில் உலகம் பூரா எத்தனை அப்பாக்கள் போனும் கையுமாக நிற்கிறார்களோ, அதை யாரும் அளப்பதில்லை.

அப்படி என்னதான் மேலே இருக்கிறது என்று நூலகத்தில் புத்தகம் எடுத்து நானே படித்தேன். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவனுக்கு மாடிக்கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காற்று மண்டலத்துக்கு ஐந்து மாடி. முதல் மாடியில் மேகம், மழை எல்லாம். ஏற ஏறக் குளிர். இரண்டாவதில் ஓசோன் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஏற ஏறச் சூடு. மூன்றாவதில் மறுபடி குளிர், நான்காவதில் மறுபடி சூடு, ஐந்தாவதற்குக் கூரையே இல்லை. இப்படி ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் பொருத்த நான் சம்மதித்திருக்கவே மாட்டேன். உன் பலூன் இரண்டாவது மாடியில், முப்பது கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துவிடுகிறது. நம் வீடு உன் அலுவலகத்திலிருந்து பத்தொன்பதே கிலோமீட்டர். வெடிக்க வேண்டியதில்லை, பஸ் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மொட்டைமாடியில் நின்று, உன் பலூன் தெரிகிறது என்று கால் மணி நேரம் கையசைத்தேன். அம்மா வந்து, "இறங்கி வாங்க, அது நிலா" என்றாள். சொல்லிவிட்டு அவளும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

ஆகவே, உன் மேலதிகாரி வரும் ஞாயிற்றுக்கிழமைப் பலூனை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நீ காலை பஸ்ஸில் ஏற வேண்டும். அம்மா அழாமல் கதவைத் திறக்க வேண்டும். நான் கோபமாக இருப்பேன். அதை யாரும் தடுக்கக் கூடாது.

குறையாத கோபத்துடனும் நிறைந்த ஆசியுடனும்,
அப்பா

பி.கு.: தபால்பெட்டி வரை போன கால் பஸ் ஏறிவிட்டது. இதை உன்னிடம் தருபவர் உங்கள் அலுவலக வாசல் காவலாளி. உள்ளே விடமாட்டேன் என்கிறார். நானும் திரும்பமாட்டேன் என்கிறேன். மேலே எழுதியதை யாரும் செய்ய வேண்டாம். நீ நேரம் தவறாமல் பலூனை விட்டுவிட்டே வா. கூடவே வந்த அம்மா எதிர்க்கடைக்குத் தண்ணீர் வாங்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் நீ வெளியே வந்துவிட்டால், உன்னை முதலில் பார்த்தது நான்தான் என்று சொல்லிக்கொள்வேன்.