கீபோர்டு ஒட்டாத உறை

மனைவியோடு நேருக்கு நேர் மோதி ஜெயிக்க முடியாது என்பது சீட்டுக்காரருக்குக் கல்யாணமான மறுவாரமே தெரிந்துவிட்டது. மறைந்திருந்து மோதினால் ஜெயிக்கலாம் என்று மட்டும் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். மனைவி கையில் இருக்கிற டேப்லெட் இனி தன்னுடையது.

சீட்டுக்காரர் என்றால் சீட்டுப் பிடிக்கிறவர் இல்லை. கார் சீட்டுக்கு உறை தைக்கிறவர். பட்டறையை மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தவர். ஊருக்கெல்லாம் சொகுசாக உட்கார வழி செய்தவருக்குச் சொந்த வீட்டில் உட்கார இடமில்லை. காரணம், அவர் மனைவி அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். லிஃப்ட் நின்றால் கூடத்துக்கு ஆள் வரும். தண்ணீர் நின்றால் வரும். ஒன்றும் நிற்காவிட்டால், ஏன் இன்னும் நிற்கவில்லை என்று கேட்க வரும். டிவியும் அதே கூடத்தில்தான் இருந்தது. புகார் சொல்ல வந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து மனுஷன் மல்யுத்தம் பார்க்க முடியுமா?

வருகிற புகாரையெல்லாம் அந்த அம்மாள் சங்கத்து டேப்லெட்டில் தட்டுவாள். தட்டுவதற்குத் தனியாக ஒரு கீபோர்டு. பக்கத்தில் கொண்டுபோனால் காந்தத்தில் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, அந்த டேப்லெட்டை வயிற்றின் மேல் நிறுத்தி, நிம்மதியாக ஒரு குத்துச் சண்டையோ கட்டிப்புரளலோ பார்க்க வேண்டும். சீட்டுக்காரரின் ஆசை அவ்வளவுதான். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தார்.

"ரெண்டு தடியனுங்க உருண்டு பொரள்றதைப் பாக்கவா சங்கத்துல இதைக் குடுத்தாங்க?" என்றாள் மனைவி.

அந்தச் சொல்லை அவர் மறக்கவில்லை. அவர் எதையும் மறப்பவர் இல்லை. தன் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை கொஞ்சம் குண்டு என்று மச்சினன் சொன்னதையே இன்னும் மனதில் வைத்திருக்கிறார்.

அன்று அவளாகவே ஆரம்பித்தாள்.

"என்னங்க, கடைத்தெருவுக்குப் போறீங்களே..."

"போறேன்னு யார் சொன்னா?"

"நான்தான் இப்பச் சொன்னேனே. டேப்லெட் கையில வழுக்குது. பின்பக்கம் பூராக் கீறல் வேற. ஒட்டறதுக்கு ஸ்கின்னு விக்கிறாங்களாம், ஒண்ணு வாங்கிட்டு வாங்க. வெங்காயத்தோல் மாதிரி மெலிசா இருக்கணும்."

"உறை வாங்க எனக்கே பாடம் எடுக்கிறியா? நான் உறை போடாத வண்டி இந்த ஊர்ல..."

"இது வண்டி இல்லைங்க. நீங்கபாட்டுக்குத் தடியா எதையாச்சும் வாங்கி மாட்டிடாதீங்க. கீபோர்டு ஒட்டாது. கீபோர்டு இல்லைன்னா எனக்கு ஒரு வரி ஓடாது. அப்புறம் டேப்லெட்டை நீங்களேதான் வச்சுக்கணும்."

செருப்பில் பாதி நுழைந்த கால் அப்படியே நின்றது. மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாவம், எதிரி கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுக் கீரை ஆய்கிறாளே என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார்.

செல்போன் கடைக்காரர் மேசைமேல் ஸ்கின்களைப் பரப்பினார். ஒன்று சொரசொரப்பு, கைரேகை விழாதாம். ஒன்று கண்ணாடி மாதிரி, ஒட்டியதே தெரியாதாம். "கீபோர்டு ஒட்டற விளிம்பை மட்டும் விட்டு வெட்டியிருக்காங்கண்ணே. ஒட்டினாலும் காந்தம் பிடிக்கும், மடக்கினாலும் உரசாது" என்றார்.

சீட்டுக்காரர் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இதுக்குப் பேரு உறையா? தும்மினாப் பறந்துடும். தடியா என்ன இருக்கு?"

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து கறுப்பாக ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். நான்கு மூலையிலும் ரப்பர் முட்டு.

"மாடியிலேர்ந்து போட்டாலும் ஒண்ணும் ஆகாதுண்ணே. தரைதான் பேந்து போகும்."

"கீபோர்டு ஒட்டுமா?"

"சத்தியமா ஒட்டாது."

"கட்டிக் குடு."

வீட்டுக்கு வந்ததும் மாட்டினார். மாட்டியதும் ஒரு பயம். மாட்டியதைக் கழற்றிவிட்டால்? பட்டறையிலிருந்து கொண்டுவந்த பழைய பையைத் திறந்தார். சீட்டுக்கு அடிக்கிற பசை டப்பா இருந்தது. அந்தப் பசையால் அவர் ஒட்டிய உறை, கார் காயலான் கடைக்குப் போன பிறகும் சீட்டை விட்டு வந்ததில்லை. உள்விளிம்பு முழுக்கத் தடவி அழுத்தி, மேலே அரிசி வாளியைத் தூக்கி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் பேப்பர் படித்தார்.

மனைவி வந்து எடுத்தாள்.

"என்னங்க இது? டேப்லெட்டா, செங்கல்லா?"

"பாதுகாப்பு."

கீபோர்டைப் பக்கத்தில் வைத்தாள். ஒட்டவில்லை. திருப்பி வைத்தாள். அப்போதும் ஒட்டவில்லை.

"சரி, கழட்டுங்க."

"கழலாது. பசை போட்டுட்டேன்."

இடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, கீபோர்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, கூடத்து சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவள் கால் இவ்வளவு நீளம் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் படுக்கையறைக் கதவைச் சாத்தினார். செங்கல்லை வயிற்றில் நிறுத்தினார். மூச்சு கொஞ்சம் திணறியது. ஜெயித்தவனுக்கு மூச்சு ஒரு பொருட்டா? முதல் பயில்வான் கயிற்றைத் தாண்டி உள்ளே குதித்தான். வாசல் மணி அடித்தது.

"அவர் உள்ளேதான் இருக்கார், போங்க. டேப்லெட் இப்ப அவர்கிட்டதான்" என்று மனைவியின் குரல் கேட்டது.

கதவைத் திறந்துகொண்டு மூன்றாம் மாடி டீச்சர் வந்தார். "வாழ்த்துகள் மாமா! நீங்க செயலாளர் ஆனதுல எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்."

"நானா? யாரு சொன்னா?"

"டேப்லெட் உங்க கையில இருக்கே!"

அந்தக் குடியிருப்பில் செயலாளருக்கு ஓட்டு கிடையாது, கூட்டம் கிடையாது. டேப்லெட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் செயலாளர். பட்டறையே கதியாகக் கிடந்த சீட்டுக்காரருக்கு மட்டும்தான் அது தெரியாது. முன்பு இருந்த குடைக்கடைக்காரர், "கொஞ்சம் வச்சிருங்கம்மா, வெளியூர் போயிட்டு வந்துடறேன்" என்று இந்த அம்மாளிடம் நீட்டினார். போனவர் வீட்டையே காலி செய்துவிட்டார். அதிலிருந்து இவள் நீட்டாத ஆள் இல்லை. டேப்லெட்டைக் கண்டாலே எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஆசைப்பட்டுக் கையை நீட்டிய முதல் ஆள் சீட்டுக்காரர்தான்.

"எழுதிக்கங்க மாமா" என்றார் டீச்சர். "எங்க மாடிக் குழாய்ல..."

சீட்டுக்காரர் ஒற்றை விரலால் 'கு' எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் டீச்சர் குழாயை முடித்து, லிஃப்டை முடித்து, எதிர்வீட்டு நாய்க்கு வந்துவிட்டார். பின்னால் பல் டாக்டர் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். கட்டிலில் இரண்டு பேர் உட்கார்ந்தும்விட்டார்கள். காலியாகிப்போன கூடத்தில் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க!" என்று மனைவி கத்தினாள். "உங்க ஆளு அந்த மொட்டையனைத் தூக்கி வெளியில போட்டுட்டான்! நல்லாத்தாங்க இருக்கு!"

மறுநாள் கடை திறக்கும் முன்பே செங்கல்லோடு வாசலில் நின்றார் சீட்டுக்காரர். எப்படியாவது கழற்றிவிட்டால் கீபோர்டு ஒட்டும். கீபோர்டு ஒட்டினால் டேப்லெட் மனைவி மடிக்குப் போய்விடும்.

"கழட்டிட்டு, அந்த வெங்காயத்தோலை ஒட்டிக் குடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கடைக்காரர் பிளேடை விட்டுப் பார்த்தார். பிளேடு வளைந்தது. பிடித்து இழுத்துப் பார்த்தார். கைதான் வலித்தது. "வராதுண்ணே. உடைச்சாத்தான் உண்டு. உடைச்சா டேப்லெட்டும் சேர்ந்து போயிடும். சங்கத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

சீட்டுக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீயெல்லாம் ஒரு வியாபாரியாய்யா? தடியானது வேண்டாம்ணே, பின்னாடி வருத்தப்படுவீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்ல வாயெடுத்தேண்ணே. ஆனா உங்க வீட்டம்மா முந்தின நாளே வந்து சொல்லிட்டுப் போயிருந்தாங்க. 'அவர் தடியாத்தான் கேப்பாரு, தடுக்காதீங்க. பசை நல்லாப் பிடிக்கிற ரகமா மட்டும் பாத்துக் குடுங்க'ன்னு."